பிரைமர் அடிக்கும் முன் எண்ணிப் பாருங்கள்

கே: பெயிண்ட் அடிப்பதற்காக 20 ரெசின் (வார்ப்புப் பிசின்) சிப்பாய் பொம்மைகள் உள்ள பெட்டி வாங்கினேன். மூன்றுக்குக் கை இல்லை, ஒன்றின் முகம் முழுக்கக் காற்றுக்குமிழிப் பள்ளம். "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்று ரசீதைக் காட்டுகிறார் கடைக்காரர். (சாட்ஸ்வொர்த்)

ப: விடாதீர்கள், நியாயம் உங்கள் பக்கம். அந்த ஒரு வரியைக் காட்டி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்! நம் தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளைக் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அதற்கான செலவு விற்றவருடையது. பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்பதை முடிவு செய்வது நீங்கள், கடைக்காரர் அல்ல. ரசீதில் எதை அச்சடித்தாலும் இந்த உரிமை போகாது.

ஆனால் அந்தப் பெட்டியில் எதையும் சுரண்டாதீர்கள், ஒட்டாதீர்கள். கை வைத்துவிட்டால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார்கள். நான் பட்டிருக்கிறேன். 30 குதிரை வீரர்களை ஒரே மூச்சில் சுரண்டி, ஒட்டி, சாம்பல் நிறப் பிரைமரும் (பெயிண்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) அடித்தேன். காய்ந்த பிறகுதான் ஆறு முகங்களில் மூக்குக்கு நடுவே படிக்கட்டு மாதிரி ஒரு விலகல் தெரிந்தது. வார்க்கும்போது அச்சு நகர்ந்திருக்கிறது. கடையில் வாங்க மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொன்றையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்து, படம் எடுத்து வைத்த பிறகே கத்தியைத் தொடுகிறேன்.

கே: பிளாஸ்டிக் சிமெண்ட் ரெசினில் ஒட்டவில்லை. போலியா? (ஃபீனிக்ஸ்)

ப: இல்லை. அது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டுவது. ரெசினுக்கு சூப்பர் க்ளூ.

கே: ஜனவரியில் 40 பொம்மைகளுக்கு ஸ்பிரே பிரைமர் அடித்தேன், எல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. கேனுக்குப் பணம் கேட்கலாமா? (டர்பன்)

ப: கேட்க முடியாது தம்பி. ஈரப்பதம் அதிகமாக இருக்கும்போது அடிக்காதே என்று கேனிலேயே எழுதியிருக்கும். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒன்றில் அடித்துப் பார்த்திருந்தால் மற்ற 39 தப்பியிருக்கும். கோடைக்குத் தூரிகையால் பூசும் பிரைமர் வாங்குங்கள், ஸ்பிரேயை ஜூன், ஜூலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பத்துப் பத்தாக அடியுங்கள்.

கே: ரெசினைக் கழுவித்தான் ஆக வேண்டுமா? (டோங்காட்)

ப: ஆமாம். அச்சிலிருந்து கழற்றப் பூசிய எண்ணெய்ப் பசை இருந்தால் பெயிண்ட் உரியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய பல்துலக்கி போதும். உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கே: தள்ளுபடி என்று இணையத்தில் ஐந்து பெட்டி வாங்கிவிட்டேன். பிரிக்காத மூன்றைத் திருப்பலாமா? (லெனேசியா)

ப: என்று வந்து சேர்ந்தது என்று எழுதவில்லையே! வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் என்றால், 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. இன்றே எழுதிப் போடுங்கள்.