ஒரே ஓட்டில் ஆட்சி போகுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் பிரதமரை மட்டும் ஏன் எம்.பி.க்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்? (வாசகர், விருதுநகர்)

அங்கேயும் நேரடியாக இல்லை. மாநிலவாரியாக 538 தேர்வாளர்கள் நடுவில் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பான்மையைப் பிடிப்பவரே அதிபர். அதனால்தான் 2016ல் ஹிலாரி கிளின்டன், டிரம்பைவிட 28 லட்சம் ஓட்டுக்கு மேல் கூடுதலாக வாங்கியும் தோற்றார். ஆனால் நீங்கள் கேட்க வந்தது புரிகிறது. அங்கே அதிபருக்கு ஒரு ஓட்டு, நாடாளுமன்றத்துக்குத் தனி ஓட்டு. இங்கே ஒரே ஓட்டுதான், அதுவும் தொகுதி எம்.பி.க்கு. பிரதமர் ஆகப்போகிறவர் உங்கள் ஊரில் நின்றால் ஒழிய இயந்திரத்தில் அவர் பெயரே இருக்காது.

நீங்கள் சொல்கிற யோசனையை இஸ்ரேல் செய்து பார்த்தது. 1996, 1999, 2001 என மூன்று முறை பிரதமரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். பிரதமருக்குத் தனி ஓட்டு கிடைத்துவிட்டதால், இன்னொரு ஓட்டைத் தயங்காமல் சின்னக் கட்சிகளுக்குப் போட்டுவிட்டார்கள். பெரிய கட்சிகள் இளைத்துப் போய், கூட்டணி பிடிப்பது முன்னைவிடப் பாடாகிவிட்டது. கடைசியில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: வாஜ்பாய் ஆட்சி ஒரே ஓட்டில் கவிழ்ந்ததே, அமெரிக்காவில் அப்படி நடக்குமா? (வாசகி, கும்பகோணம்)

நடக்காது. இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசமே இதற்குள்தான் இருக்கிறது.

1999ல் அ.தி.மு.க. ஆதரவை வாபஸ் வாங்கியதும், பெரும்பான்மையை நிரூபிக்கச் சொன்னார் குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன். ஏப்ரல் 17ஆம் தேதி வாக்கெடுப்பு. ஆதரவு 269, எதிர்ப்பு 270. அந்த 270ல் ஒருவர் கிரிதர் கமாங். இரண்டு மாதம் முன்பே ஒரிசா முதல்வர் ஆகிவிட்டவர், எம்.பி. பதவியை இன்னும் விடவில்லை. சட்டமன்ற உறுப்பினர் ஆகாமலே ஆறு மாதம் முதல்வராக இருக்கலாம் என்பதால் சட்டப்படி தப்பில்லை, சபாநாயகர் பாலயோகியும் அவர் மனசாட்சிக்கே விட்டுவிட்டார். இன்னொருவர் காஷ்மீரின் தேசிய மாநாட்டுக் கட்சி எம்.பி. சைபுதீன் சோஸ், கட்சிக் கொறடா உத்தரவை மீறி எதிர்த்து ஓட்டுப் போட்டார், கட்சியை விட்டே நீக்கினார்கள். இதில் வாஜ்பாய் என்ன குற்றம் செய்தார் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை, கவனியுங்கள். சபைக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். (போகவும் இல்லை. மாற்று அரசு அமைக்க யாராலும் முடியாமல் தேர்தல் வந்தது. காபந்து பிரதமராக இருந்தே கார்கில் போரை நடத்தினார், அக்டோபரில் ஜெயித்துத் திரும்பி வந்தார்.)

இப்போது அமெரிக்காவுக்கு வாருங்கள். 1868ல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவி நீக்க, அவர்கள் மேல்சபையான செனட்டில் வாக்கெடுப்பு. நீக்க வேண்டும் என்றவர்கள் 35, வேண்டாம் என்றவர்கள் 19. நம் கணக்கில் படுதோல்வி. அங்கே மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 36 வேண்டும். ஒரு ஓட்டு குறைந்தது, மனிதர் தப்பினார். இங்கே ஒரு ஓட்டு ஆட்சியைக் கவிழ்த்தது, அங்கே ஒரு ஓட்டு காப்பாற்றியது. அதுவும் குற்றம் சாட்டி, விசாரித்து, அப்புறம்தான் ஓட்டெடுப்பு. அதிபரைப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் காரணமே ஆகாது, நான்கு வருடம் பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் அது நிலையான ஆட்சிதானே என்று கேட்பீர்கள். நாற்காலி நிலைக்கும், வேலை நடக்கும் என்று சொல்ல முடியாது. எல்லைச் சுவருக்குப் பணம் கேட்டு டிரம்பும் காங்கிரஸும் (நம் கட்சி இல்லை, அவர்கள் நாடாளுமன்றத்துக்கே அந்தப் பெயர்தான்) முறுக்கிக்கொண்டபோது, 2018 டிசம்பரிலிருந்து 35 நாள் அரசு அலுவலகங்களில் ஒரு பகுதி முடங்கியது, சுமார் 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. 2025ல் அதையும் மிஞ்சி 43 நாள் முடக்கம். நம் மக்களவையில் பட்ஜெட் தோற்றால் அரசே தோற்ற மாதிரி, அன்றே முடிவு தெரிந்துவிடும். எனக்கென்னவோ, ஆள் மாறினாலும் பரவாயில்லை, ஊழியர் சம்பளம் நிற்காத ஏற்பாடே மேல் என்று படுகிறது.

கேள்வி: அமெரிக்காவில் எம்.பி. அமைச்சராக முடியாதாமே? (வாசகர், ஓசூர்)

முடியாது, ஒன்றை விட வேண்டும். 2025ல் வெளியுறவு அமைச்சரான மார்கோ ரூபியோ செனட் பதவியை விட்டுவிட்டுத்தான் வந்தார். இங்கே தலைகீழ்: எம்.பி.யாக இல்லாதவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் ஆகியே தீர வேண்டும்.

கேள்வி: இலங்கையில் ஜனாதிபதியும் இருக்கிறார், பிரதமரும் இருக்கிறார். அது எந்தக் கணக்கு? (வாசகர், ராமநாதபுரம்)

இரண்டும் கலந்த கணக்கு. 1978 அரசியலமைப்பு வந்ததிலிருந்து மக்கள் தேர்ந்தெடுக்கும் ஜனாதிபதியிடம்தான் நிஜமான அதிகாரம், அமைச்சரவைக்கும் அவரே தலைவர். ஆனால் அவர் நடுவில் விலகினால், மிச்சக் காலத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது நாடாளுமன்றம். 2022 ஜூலையில் கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போய், சிங்கப்பூரிலிருந்து ராஜினாமா செய்தபோது அதுதான் நடந்தது. 134 ஓட்டு வாங்கி ஜனாதிபதி ஆனார் ரணில் விக்ரமசிங்க. அப்போது நாடாளுமன்றத்தில் அவர் கட்சிக்கு இருந்த மொத்த எம்.பி. அவர் ஒருவர்தான், அதுவும் தேசியப் பட்டியல் (கட்சி வாங்கிய மொத்த ஓட்டுக்கு ஏற்பக் கிடைக்கும் இடம்) வழியாக வந்தவர்.