ஒரே ரேஸ் பெயர் என்றால் ஒரே பூஞ்சைதானா?

கேள்வி கோதுமைத் தண்டைத் தாக்கும் பூஞ்சை நோயான தண்டுத் துருவைப் பற்றியது: தூர தூர ஊர்களில் எடுத்த இரண்டு மாதிரிகளுக்கு ஒரே ரேஸ் (பூஞ்சையின் உள்வகை) பெயர் வந்தால், ஒன்றிலிருந்துதான் மற்றது பரவியது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. கோதுமையின் எந்தெந்த எதிர்ப்பு மரபணு அந்தப் பூஞ்சையிடம் தோற்கிறது என்பதை மட்டுமே ரேஸ் பெயர் காட்டும். வம்சத்தைக் காட்டாது.

பெயர் வரும் விதம் இது. தனித்தனி எதிர்ப்பு மரபணு கொண்ட 20 கோதுமை வகைகளை நான்கு நான்காக ஐந்து கட்டாகப் பிரித்திருக்கிறார்கள். நாற்றில் வித்துகளைத் தெளித்து, ஒரு ராத்திரி இருட்டில் இலை ஈரம் காயாமல் வைத்து, இரண்டு வாரம் கழித்துக் கொப்புளத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். நான்கில் எவை நோய்ப்பட்டன என்பதைப் பொறுத்துக் கட்டுக்கு ஓர் ஆங்கில எழுத்து. 1998-ல் உகாண்டாவில் சிக்கிய யுஜி99 என்ற ரேஸுக்கு 'டிடிகேஎஸ்கே'. கடைசிக் கட்டில் எஸ்ஆர்24 என்ற எதிர்ப்பு மரபணு மட்டும் தாக்குப்பிடித்ததால் அங்கே 'கே'. 2006-ல் கென்யாவில் அதுவும் விழுந்தது. நான்குமே விழுந்ததால் கடைசி எழுத்து 'டி' ஆனது.

சோதனை இரண்டு இடத்தில் கெடும். மாதிரியில் இரண்டு ரேஸ் கலந்திருந்தால், ஒன்று தாக்காததை மற்றது தாக்கும்; இல்லாத ஒரு 'சூப்பர் ரேஸ்' பிறந்துவிடும். அதனால் ஒற்றைக் கொப்புளத்தின் வித்தைப் பெருக்கித்தான் சோதிக்க வேண்டும். அடுத்தது வெப்பம். எஸ்ஆர்6 போன்ற மரபணுக்கள் 18 டிகிரியில் நன்றாக வேலை செய்யும், 25-ஐத் தொட்டால் படுத்துவிடும். ஏசி பழுதான வாரத்து முடிவை நம்பாதீர்கள்.

சரியாகவே செய்தாலும் 20 வகைக்கு வெளியே நடப்பது தெரியாது. எத்தியோப்பியாவில் 2013–14-ல் டிகாலு என்ற கோதுமை ரகத்தை அழித்தது 'டிகேடிடிஎஃப்' ரேஸ். 2013-ல் ஜெர்மனியில் கிடைத்ததும் அதே பெயர்தான். கூடுதல் ரகங்களில் சோதித்தபோது இரண்டும் வேறு வேறாக நடந்துகொண்டன.

வம்சம் தெரிய டிஎன்ஏ குறிகளைத்தான் பார்க்க வேண்டும். இந்தப் பூஞ்சையின் பாலினப் பெருக்கம் பார்பெரி என்ற முட்புதர்ச் செடியில் நடக்கும். அது நடக்கும் பகுதியில் மாதிரிக்கு மாதிரி மரபமைப்பு மாறும். இந்தியாவில் பார்பெரிக்கு அந்தப் பங்கு இல்லை என்று துரு நோய் ஆய்வாளர் கே.சி. மேத்தா காட்டினார்; நீலகிரி, பழனி மலைகளில் ஆண்டு முழுவதும் உயிரோடிருக்கும் துருவே காற்றில் வடக்கே போகிறது. அப்படிப்பட்ட இடங்களில் ஒரே மரபமைப்பின் நகல்கள்தான் அதிகம்.

பார்பெரி இல்லையென்றால் கலப்பே இல்லை என்றும் முடிவுகட்டக் கூடாது. துரு வித்தில் இரண்டு உட்கருக்கள் உண்டு. யுஜி99-ன் ஓர் உட்கரு, தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் காணப்படும் பழைய துரு வம்சத்தின் உட்கருவோடு ஏறக்குறைய அச்சாக ஒத்திருப்பதை 2019-ல் கண்டார்கள். பாலினச் சேர்க்கை இல்லாமலே உட்கரு கைமாறியிருக்கிறது.

மாதிரி எடுப்பவர்கள் நோயுற்ற தண்டைக் காகித உறையில் போட்டு நிழலில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் பூசணம் ஏறினால் வித்து முளைக்காது, ரேஸ் சோதனையே நடக்காது. மரபுப் பன்மையைக் கணக்கிடும்போது, ஒரே வயலில் கிடைத்த ஒரே மரபமைப்பை ஒருமுறைதான் எண்ண வேண்டும்.