தம்பியிடம் வாங்கிய சத்தியம்

அன்புள்ள அண்ணா,

இன்னும் மூன்று மாதத்தில் 25 கி.மீ. கடல் நீச்சல் ஒன்றுக்குப் பதிவு செய்திருக்கிறேன். அந்தப் பருவத்தில் காற்றும் அலையும் கடுமையாக இருக்குமாம். இப்போது நீச்சல்குளத்தில் வாரம் 30 கி.மீ. நீந்துகிறேன். கொந்தளிப்பான நீருக்கு எப்படித் தயாராவது? மூச்சு எந்தப் பக்கம் எடுப்பது, வழியில் என்ன குடிப்பது? துணைப் படகில் என் தம்பி வருகிறான். யாராவது தொட்டால் நீச்சல் செல்லாது என்பதால், என்ன ஆனாலும் என்மேல் கை வைக்கக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். 1926இல் ஜெர்ட்ரூட் எடர்லி, படகில் இருந்தவர்கள் ஏறச் சொல்லியும் ஏறாமல்தானே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூச்சை இரண்டு பக்கமும் எடுக்கப் பழகுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று உங்களைக் கேட்டுக்கொண்டு அடிக்காது. கையைக் கொஞ்சம் உயர்த்தி வீசுங்கள், அலையின் உச்சிக்கு வரும்போது மட்டும் தலை தூக்கித் திசை பாருங்கள். குளத்தை விட்டுக் கடலுக்குப் போங்கள், அதுவும் காற்று உள்ள நாட்களில். என்ன குடிப்பது என்பது உங்கள் வயிற்றைப் பொறுத்தது. பயிற்சியில் ஒத்துக்கொண்டதையே அன்றும் குடியுங்கள், அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் ஒரு பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒரு பக்கத்தில் ஆறு எண்கள்தான் இருக்கின்றன: 64, 63, 61, 58, 52, 47.

நண்பர் ஒருவரின் நீண்ட நீச்சலுக்குத் துணைப் படகில் போயிருந்தேன். அரை மணிக்கு ஒருமுறை கயிற்றில் கட்டிய பாட்டிலை வீசுவதும், நிமிடத்துக்கு எத்தனை முறை கை வீசுகிறார் என்று எண்ணி எழுதுவதும் என் வேலை. மதியத்துக்கு மேல் அலை ஏறியது. ஒவ்வொரு முறையும் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் "நன்றாக இருக்கிறேன்" என்றார். 52 என்று எழுதியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நானும் உங்கள் தம்பியைப் போல வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.

அடுத்த முறை பாட்டில் அவர் கைக்கு வந்தது, விரல்கள் மடங்கவில்லை. உங்கள் மகள் பெயர் என்ன என்று கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படகோட்டிதான் குதித்து அவரைத் தூக்கினார், நான் அல்ல. மேலே கொண்டுவந்த பிறகு நடுக்கம் இன்னும் மோசமானது. நீரை விட்டு வந்த பிறகும் உடலின் உள்வெப்பம் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவர் பிழைத்தார். 52க்கும் 47க்கும் இடையில் இருந்த அந்த அரை மணி நேரத்தை நான் இன்னும் தாண்டவில்லை.

நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை எடுத்துவிடும். அலையோடு போராடும் உடல் சீக்கிரம் களைக்கும், களைத்த உடல் சீக்கிரம் குளிரும். குளிர் ஏறினால் நாக்கு குழறும், விரல் விறைக்கும், கூடவே யோசிக்கும் திறனும் போகும். அந்த நிலையில் நீங்கள் சொல்லும் "நன்றாக இருக்கிறேன்" எதற்குப் பயன்? உங்களுக்குப் பதிலாக யோசிக்கத்தான் தம்பி படகில் இருக்கிறான். அவன் கையைக் கட்டிப்போட்டுவிட்டு அவனை எதற்கு அழைத்துப் போகிறீர்கள்? நீங்கள் மூழ்குவதைப் பார்க்கவா? கோபமாகத்தான் கேட்கிறேன். அந்தப் பையனை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

எடர்லி 1926இல் ஏற மறுத்தார், சரி. அதற்கு முந்தைய ஆண்டு அதே கால்வாயில் அவரை நீரிலிருந்து எடுத்தார்களே, அதை ஏன் எழுதவில்லை? நம் நாட்டு நீச்சல் வீராங்கனை ஆரத்தி சாஹாவைப் பாருங்கள், அதே கால்வாய்தான். 1959 ஆகஸ்டில் 14 மணி நேரத்துக்கும் மேல் நீந்தி, கரை நெருங்கிய நேரத்தில் எதிர்நீரோட்டத்தில் சிக்கி, படகோட்டி வற்புறுத்தியதால் விட்டுவிட்டு ஏறினார். எவ்வளவு அழுதிருப்பார்! செப்டம்பர் 29 அன்று மறுபடி இறங்கி 16 மணி 20 நிமிடத்தில் கடந்தார்.

தம்பியோடு உட்கார்ந்து பேசுங்கள். பயிற்சியில் உங்கள் கைவீச்சு எவ்வளவு என்று அவனே எண்ணட்டும். அதிலிருந்து எவ்வளவு குறைந்தால் நீச்சல் முடிந்தது என்பதை இருவரும் கரையிலேயே முடிவு செய்யுங்கள். நீச்சலை நடத்துபவர்களிடமும் படகோட்டியிடமும் அந்த எண்ணைச் சொல்லிவையுங்கள். ஆம், இல்லை என்று பதில் வராத கேள்விகள் நான்கைந்தை அவன் மனப்பாடம் செய்யட்டும். அப்புறம், ஒரு நாள் நீங்கள் நன்றாக நீந்திக்கொண்டிருக்கும்போதே அவன் "ஏறு" என்று சொல்லட்டும். ஏன் என்று கேட்காமல் ஏறுங்கள். மூன்று நான்கு முறை இதைச் செய்யுங்கள். அவனுக்கும் சொல்லிப் பழக வேண்டும் அல்லவா? அண்ணனை அதட்டுவது தம்பிகளுக்கு லேசில் வராது.

முதலில் அந்தச் சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உப்புநீரில் நாக்கு வீங்குவது, தோல் உராய்வது எல்லாம் அதற்குப் பிறகு பேசுவோம்.