சிங்கப்பூரில் வணிக வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக வசதியான குடும்பப் பின்னணி வேண்டுமா?

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் தொடக்கக் கல்லூரியில் படிக்கிறீர்கள், வீட்டில் வக்கீல் என்று யாரும் கிடையாது, "அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என்னிடமும் சொன்னார்கள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அம்மா பாலர் பள்ளியில் சமையல் வேலை. ஈசூனில் மூவறை வீடு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தேன், உபகாரச் சம்பளமும் படிப்புக் கடனுமாக. இப்போது நிறுவனங்களுக்கு இடையிலான வழக்குகளைத்தான் பார்க்கிறேன்: ஒப்பந்த மீறல், வராத பாக்கி, பங்குதாரர் சண்டை.

பயிற்சிக்கு இடம் தேடியபோது ஒரு சட்ட நிறுவனத்தில் என் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, "உங்கள் குடும்பத்தில் யார் இந்தத் துறையில் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றேன். "அப்படியானால் கட்சிக்காரர்களை எப்படிக் கொண்டுவருவீர்கள்?" என்றார்கள். பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? இன்றுவரை எனக்கு ஆறவில்லை. எல்லா இடமும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வரவேண்டாம். என்னைச் சேர்த்துக்கொண்ட நிறுவனத்தில் அந்தக் கேள்வியே வரவில்லை.

அங்கே நான் கீழ்நிலை வழக்கறிஞராக இருந்தபோது வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர்மீது, சரக்கு அனுப்பிய நிறுவனம் பாக்கி கேட்டு வழக்குப் போட்டது. தொகை 60,000 வெள்ளிக்கு மேல், 250,000க்குள். அதனால் மாவட்ட நீதிமன்றம். சரக்கில் பாதி வரவே இல்லை என்பது எங்கள் தரப்பு வாதம். அவர்களிடமோ கையெழுத்துப் போட்ட டெலிவரி ஆர்டர்கள், அதாவது சரக்கு வாங்கியதற்கான சீட்டுகள், பெட்டி பெட்டியாக இருந்தன. அந்தக் கார்பன் நகல்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு தேதிவாரியாக அடுக்கினேன். அலுவலகத்தில் மற்றவர்களுக்கு வெறும் கிறுக்கலாகத் தெரிந்த ஒரு கையெழுத்து எனக்குத் தமிழில் ஓர் ஆளின் பெயராகத் தெரிந்தது. அக்டோபர், நவம்பர் சீட்டுகளில் அது திரும்பத் திரும்ப வந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இந்தத் தம்பி அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தாரா?"

"ஆமாம்மா, ஒரு மாசம் லீவு கொடுத்தேனே."

அந்தத் தம்பியின் கடப்பிதழை வாங்கிப் பார்த்தோம். இந்தியக் குடிநுழைவு முத்திரை இரண்டும் பளிச்சென்று இருந்தன. அவர் ஊரில் இருந்த நாட்களில் இங்கே சரக்கு வாங்கியதாகக் கையெழுத்து! சிங்கப்பூர் சிவில் விசாரணைகளில் சாட்சியின் முதல் வாக்குமூலம் பிரமாணப் பத்திரமாக முன்கூட்டியே போய்விடும். நீதிமன்றத்தில் பெரும்பாலும் குறுக்கு விசாரணைதான். என் மூத்தவர் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கையெழுத்து யாருடையது என்று கேட்டார். எதிர்த்தரப்பு மேலாளர் எல்லாவற்றுக்கும் அதே ஆளின் பெயரைச் சொன்னார். அப்புறம்தான் மூத்தவர் கடப்பிதழின் நகலை நீட்டினார். மறுநாள் காலையிலேயே சமரசம் பேச வந்துவிட்டார்கள்.

பின்னணி இல்லை என்று என்னிடம் சொன்னவர்களுக்கு அந்தப் பெட்டியைக் காட்ட வேண்டும்போல் இருந்தது. தேக்காவில் அம்மாவோடு காய்கறி வாங்கப் போனதும், கடைக்காரர் எப்போது யாரை ஊருக்கு அனுப்புவார் என்று தெரிந்ததும் பின்னணி இல்லாமல் வேறென்ன?

வழி என்ன என்று கேட்டால்: தேசியப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் சட்டம் படிக்கலாம். கடைசியாகச் சொன்னது குடும்பச் சட்டம், குற்றவியல் பக்கம் சாய்ந்தது. வெளிநாட்டில் படிப்பதாக இருந்தால், பணம் கட்டும் முன் சிங்கப்பூரில் ஏற்கப்படும் பல்கலைக்கழகங்களின் அங்கீகாரப் பட்டியலைப் பாருங்கள். இங்கிலாந்தில் 19 ஆக இருந்த பல்கலைக்கழகங்களை 2016இல் 11 ஆகக் குறைத்துவிட்டார்கள். இந்தியப் பல்கலைக்கழகங்கள் பட்டியலில் கிடையாது. இந்தியாவில் படித்தவர்கள் இங்கே நடுவர் மன்ற வழக்குகளில் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் வைத்துத் தீர்ப்பவை) நிறைய இருக்கிறார்கள், அது வேறு பாதை. இங்கே படித்தால், பட்டத்துக்குப் பிறகு வழக்கறிஞராவதற்கான பகுதி 'பி' தேர்வு, அப்புறம் சட்ட நிறுவனத்தில் பயிற்சி. ஆறு மாதமாக இருந்த பயிற்சி 2024 முதல் ஓராண்டாகியிருக்கிறது. கடன் வாங்கிப் படிப்பவர்களுக்கு அந்த ஆறு மாதம் லேசான விஷயமில்லை.

வேலை கடினம்தான், மறைக்கவில்லை. இளம் வழக்கறிஞர்கள் தொழிலை விட்டுப் போவதைப் பற்றித் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனனே பேசியிருக்கிறார். ஆனால் நம்மவர்களுக்கு எட்டாத இடம் என்பது பொய். கா. சண்முகம் அமைச்சராவதற்கு முன் வழக்காடியவர், 1998இல் மூத்த வழக்கறிஞர் (Senior Counsel) என்ற தகுதி பெற்றவர். நீதிபதி கண்ணன் ரமேஷ் நொடிப்பு வழக்குகளில், அதாவது கடனைக் கட்ட முடியாமல் போனவர்களின் வழக்குகளில், பெயரெடுத்து அந்த இருக்கைக்குப் போனவர்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பெண்ணாக இருந்தால் உதவும். எனக்கு வரன் பார்த்த காலத்தில் இரண்டு வீட்டில் "வக்கீல் பொண்ணா, வாய் ஜாஸ்தியா இருக்குமே" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். பொறியாளர் பெண்ணிடம் இப்படிச் சொல்வார்களா? அம்மா இரவெல்லாம் தூங்கவில்லை. ஒரு பெண் பிழைப்புக்காகப் பேசுவதை நம் ஆட்கள் இன்னும் குணக்கேடாகப் பார்க்கிறார்கள். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன்.

சரி, நீங்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள அரசு நீதிமன்றங்களுக்குப் பள்ளி விடுமுறையில் போங்கள். திறந்த விசாரணைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், காசு கிடையாது. அன்றைய வழக்குப் பட்டியல் நீதித்துறை இணையத்தளத்தில் இருக்கும். சிவில் வழக்காகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நுழையும்போது நீதிபதியை நோக்கித் தலை தாழ்த்திவிட்டு, கைப்பேசியை அணைத்துவிட்டுப் பின் வரிசையில் உட்காருங்கள். குறுக்கு விசாரணை நடக்கிற நாளாகக் கிடைத்தால் மதியம்வரை இருங்கள்.