மாணவர் எடுக்கும் குறும்படங்களுக்கு விமர்சனம் எழுதுவதால் பயன் உண்டா?

உங்கள் கேள்வி இதுதான்: கல்லூரி மாணவர்களின் குறும்படங்களைப் பற்றி எழுதுகிறீர்கள், முப்பது பேர்கூடப் படிப்பதில்லை, குறை சொன்னால் பிள்ளைகள் மனம் உடைந்துபோவார்களோ என்ற பயம் வேறு. தொடரலாமா?

தொடருங்கள். அந்த முப்பது பேரில் ஒருவர் படத்தை எடுத்தவர்.

வேலையெல்லாம் முடித்து ராத்திரி பதினொரு மணிக்குத்தான் எழுத உட்காருவீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் பதினொரு குறும்படங்கள் திரையிட்டார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதினேன். அதில் ஒரு படத்துக்குக் கிடைத்தது ஒரு வரி: "நல்ல முயற்சி, இயக்குநருக்கு வாழ்த்துகள்." மறுநாள் அந்தப் பையன் போன் செய்தான். "அண்ணா, பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னே எழுதியிருக்கலாமே. எது நல்லா இருந்துச்சுன்னு ஒண்ணுமே இல்லையே." கோபமாகக்கூடப் பேசவில்லை. அதுதான் சுட்டது.

லிங்க் வாங்கி மறுபடி பார்த்தேன். பதினான்கு நிமிடப் படம். ரேஷன் கடையில் ஒரு பாட்டி கைரேகை வைக்கிறார், மெஷின் ஏற்கவில்லை. விரலை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். மறுபடி துடைக்கிறார். ஒரு நிமிடத்துக்கு மேல், வெட்டே இல்லாத ஒரே ஷாட். காட்டு வேலையில் ரேகை தேய்ந்த விரல் என்று யாரும் வசனம் பேசவில்லை. பின்னால் நிற்பவர்களின் காலிப் பைகள் மட்டும் அசைகின்றன. அது முடிந்ததும் வயலினோடு ஒரு பிளாஷ்பேக், பாட்டி இளம்பெண்ணாகக் களை பறிக்கிறார். அங்கே படம் படுத்துவிட்டது. ஒலிப்பதிவும் மோசம், மைக்கில் காற்று இரைகிறது.

இரண்டையும் எழுதினேன், அறுநூறு வார்த்தை. அந்த ஷாட் ஏன் மனதில் நிற்கிறது, அதை நம்பாமல் பிளாஷ்பேக் ஏன் வந்தது என்று. படித்துவிட்டு அவன் சொன்னான்: "அது எங்க அப்பத்தா அண்ணா. சின்ன வயசுல களை பறிச்சத காட்டலேன்னா நடிக்க மாட்டேன்னுடுச்சு."

சின்னப் படத்துக்கு நான் சலுகை காட்டச் சொல்வதாகச் சிலர் சண்டைக்கு வருவார்கள். அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 1967ல், சிகாகோ நாளிதழ் ஒன்றில் சினிமா விமர்சகராகச் சேர்ந்த அதே வருடம், சிகாகோ திரைப்பட விழாவில் பெயர் தெரியாத ஒருவரின் முதல் படத்தைப் பார்த்தார். நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் படமாகத் தொடங்கி, கையில் காசு கிடைக்கும்போதெல்லாம் எடுத்து வளர்ந்த படம். மனதாரப் பாராட்டி எழுதினார். பின்னொரு முறை எழுதியபோது, அனுபவம் கூடினால் இதைவிட நேர்த்தியான படங்கள் எடுப்பார் என்றும் சொன்னார். குறையையும் மறைக்கவில்லை, படத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த இயக்குநர்தான் பின்னாளில் ஹாலிவுட்டின் பெரிய இயக்குநர்களில் ஒருவரான மார்ட்டின் ஸ்கார்செஸி. இருவரும் 1942ல் பிறந்தவர்கள், அப்போது இருவருமே இளைஞர்கள்தான்.

நம் ஊரிலும் இதற்குத் தேவை இருக்கிறது. வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மைப் பரிசான டைகர் விருதை வாங்கியது. நாம் வீட்டில் உட்கார்ந்து பார்க்க 2023 வரை காத்திருந்தோம். அந்த இடைவெளியில் அப்படி ஒரு படம் இருப்பதையே எழுத்து வழியாகத்தான் பலர் தெரிந்துகொண்டோம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் "சர்வதேச விருது" கொடுக்கும் இணைய விழாக்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு நுழைவுக் கட்டணம் கட்டியே நம் பிள்ளைகள் ஓய்ந்துபோகிறார்கள். திரையும் கிடையாது, பார்வையாளரும் கிடையாது. இலை வளையம் போட்ட ஒரு சான்றிதழ் மெயிலில் வரும், அதைப் போஸ்டரில் ஒட்டிக்கொள்ளலாம். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல மைக்கை நாலு நாள் வாடகைக்கு எடுக்கலாம். படத்தைப் பார்த்து நாலு வார்த்தை எழுத ஆள் இல்லாததால்தான் அந்த இலைகளைத் தேடிப் போகிறார்கள் என்பது என் வருத்தம்.

சரி, அந்தப் பையன் அடுத்த வருடம் இன்னொரு படம் எடுத்தான். ஒலிக்கு மட்டும் தனியாக ஒரு நண்பனை வைத்திருந்தான். வயலின் இல்லை. என்னால்தான் என்று சொல்ல வரவில்லை, அவனுக்கு ஆசிரியர்கள் இருந்தார்கள், அவனே யோசித்தும் இருப்பான். அதிலும் அப்பத்தா உண்டு. வெங்காயம் உரிக்கிறார், பேரனுக்குப் பணம் எண்ணிக் கொடுக்கிறார், கடைசிவரை கை மட்டும்தான் தெரிகிறது.