“நேற்று சொன்னாயே, இன்று ஏன் தெரியவில்லை?”

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு. கதை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வான், புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டிக்கூட்டி நின்றுவிடுகிறான். ல, ள, ழ எல்லாம் குழம்புகிறது. டிஸ்லெக்சியாவாக இருக்கலாம் என்கிறார் டீச்சர். தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் படிக்க வைக்கிறேன், கடைசியில் இரண்டு பேரும் அழுதுதான் எழுந்திருக்கிறோம். இப்போது திங்கட்கிழமை ஆனால் வயிற்றுவலி என்கிறான். நடிக்கிறானா? என் கவலைதான் அவனைக் கெடுக்கிறதா?
– பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நடிக்கவில்லை, சகோதரி. பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்றபோது நமக்கு வயிற்றைக் கலக்கியதே, அதேதான். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஆனால் லீவு நாளில் வலி காணாமல் போகிறது என்றால் அது பயத்தின் வலி, வலி என்னவோ நிஜம்தான்.

உங்கள் கவலையால் டிஸ்லெக்சியா வராது. ஒலியையும் எழுத்தையும் மூளை இணைக்கும் விதத்தில் இருக்கும் சிக்கல் அது, புத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. ஆனால் கவலை வேறொரு வேலை செய்யும். ‘பட்டாம்பூச்சி’ என்று கூட்டிப் படிக்கிற பிள்ளை ‘ச்சி’க்கு வரும்வரை ‘பட்டாம்’ என்பதை மனசில் பிடித்து வைத்திருக்க வேண்டும், அப்படிப் பிடித்துவைக்க இருக்கும் இடமே கொஞ்சம்தான், அதில் பாதியை ‘அம்மா திட்டப் போகிறாள்’ என்ற நினைப்பு எடுத்துக்கொண்டால் முன்பாதி நழுவிவிடும். நேற்று படித்த சொல் இன்று வராததற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் “நேற்று சொன்னாயே!” என்கிறீர்கள், அவன் இன்னும் பயப்படுகிறான், அடுத்த சொல்லும் போகிறது. சத்தம் போடாமல் ஒரு பெருமூச்சு விட்டாலும் போதும், பிள்ளைகள் அதைப் பிடித்துவிடுவார்கள்.

ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று கேளுங்கள், ‘வாளப்பளம்’தான் காதில் விழும், காதில் ஒன்றாகக் கேட்பதை மூன்றாகப் பிரித்து எழுதச் சொன்னால் எந்தப் பிள்ளையும் தடுமாறும்.

முதலில் கண், காது இரண்டையும் சோதியுங்கள். அப்புறம் முறையான மதிப்பீடு. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம், அந்தப் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், போகும்போது அவன் நோட்டுகளை எடுத்துப் போங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் இருக்கிறது, சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பை இப்போதே நினைத்து நடுங்காதீர்கள்.

வீட்டில் அந்த ஒரு மணி நேரத்தைப் பதினைந்து நிமிஷமாக்குங்கள், ராத்திரி வேண்டாம். நீங்களும் அவனும் சேர்ந்தே வாய்விட்டுப் படியுங்கள், தடுக்கினால் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். உங்களுக்கே படபடப்பாக இருக்கும் நாளில் அப்பாவோ அத்தையோ உட்காரட்டும். கவலைப்படாதே என்று உங்களிடம் சொல்லிப் பயனில்லை, எந்த அம்மா கேட்பாள்? அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கு மட்டும் அதைத் தள்ளி வையுங்கள்.

ஞாயிறு சாயங்காலம் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போங்கள். சுண்டல் மடித்துத் தரும் காகிதத்தைக் காட்டி, “இதைப் படி பார்க்கலாம்” என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.