பிளேக் மாரியம்மன் முதல் கொரோனா தேவி வரை: கேள்வி பதில்

கொங்கு வட்டார வழிபாடுகளைப் பற்றி எழுதி வருகிறவன் என்பதால் கொள்ளைநோயும் கோயிலும் பற்றிக் கேள்விகள் வந்திருந்தன. தெரிந்தவரை சொல்கிறேன்.

கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றனவே. நோயின் பேரைச் சாமிக்கு வைப்பார்களா, ஐயா?

வைத்திருக்கிறார்களே! 1896-இல் பம்பாயில் பரவிய பிளேக், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையையும் திரும்பத் திரும்பத் தாக்கியது. மாரியம்மன் ஏற்கெனவே அம்மைக்குரியவள். அம்மை முத்தைப் போடுவதும் அவள், இறக்குவதும் அவள். புதிதாக ஒரு கொள்ளைநோய் வந்தபோது அதையும் அவளிடமே ஒப்படைத்தார்கள். பெங்களூரிலும் ஒரு பிளேகம்மா உண்டு.

ஆனால் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டுக் காட்டில் சாளை (குடிசை) போட்டுத் தங்கினார்கள். எலியிடமிருந்து நோயைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்று சிமோந்த் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898-இல் சொன்னார். அது தெரியாமலே நம் ஆட்கள் எலியை விட்டு விலகியிருக்கிறார்கள். பயத்தைச் சாமியிடம் சொன்னார்கள், உடம்பைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். எனக்குப் பிடித்ததே இந்த இரட்டை வேலைதான்.

அம்மை போட்டால் எங்க அம்மாயி ஆஸ்பத்திரிக்கே விடமாட்டார். வேப்பிலை போதுமா? (கோபி)

போதாது. வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாட்கள் வரமாட்டார்கள், தண்ணி ஊற்றும்வரை பிள்ளையும் வெளியே போகாது. தனிமைப்படுத்தல் என்ற அளவில் நல்ல ஏற்பாடு. சின்னம்மை அதன் கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தொற்றும். ஆனால் பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது நுரையீரல்வரை போகலாம். டாக்டரிடம் காட்டினால் ஆத்தா கோபிக்க மாட்டாள் என்று அம்மாயியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பெரியம்மை தடுப்பூசியால் ஒழிந்தது. 1980-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்காக மாரியம்மன் கோயில்களில் பூச்சாட்டுத் திருவிழா நின்றுபோய்விட்டதா என்ன?

இருகூரில் கொரோனா தேவி சிலை வைத்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்களே? (சூலூர்)

2021 மே மாதம், இரண்டாம் அலையில் காமாட்சிபுரி ஆதீனத்தில் வைத்த ஒன்றரை அடிக் கருங்கல் சிலை. 48 நாள் யாகத்துக்குப் பொதுமக்களை விடவில்லை. சிரித்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை. கூட்டம் சேர்க்காத பூஜையால் யாருக்கும் நோய் வராது. அதே ஆண்டு ஏப்ரலில் ஹரித்துவார் கும்பமேளாவில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். நியாயமாகக் கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் ஊரைவிட்டுப் போய்த் தங்கக்கூடாது என்பது அந்தக் காலத்து லாக்டவுன்தானே?

வாட்ஸப்பில் நானும் படித்தேன். கேட்க இனிப்பாக இருக்கிறது, ஆதாரம் பார்த்ததில்லை. காப்புக் கட்டிய ஊருக்குத்தான் கோயில் பொங்கலன்று மாமன் மச்சான் எல்லாம் வந்து இறங்குகிறார்கள். கோயில் முன் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆட்டம் வேறு. இதுவா லாக்டவுன்?

2020-இல் ஈரோட்டில் முஸ்லிம்களான எங்களைப் பார்த்தாலே ஒதுங்கிப் போனார்கள். அதைப் பற்றியும் எழுதுங்கள், அண்ணா.

எழுதத்தான் வேண்டும், தம்பி. டில்லியில் தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் அமைப்பு நடத்திய மாநாட்டுக்குப் போய் வந்தவர்களுக்கும், ஈரோட்டுக்கு வந்திருந்த தாய்லாந்துக்காரர்களுக்கும் தொற்று இருந்தது உண்மை. நோய்க்கே மதம் பூசியதுதான் அநியாயம். மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் சிலர்மீது போட்ட வழக்குகளை அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ரத்து செய்தது. அவர்களைப் பலிகடா ஆக்கியதாகத் தோன்றுகிறது என்றும் சொன்னது. சொந்தக்காரர்களே தொடப் பயந்த உடல்களை, எந்த மதம் என்று கேட்காமல் எடுத்து அடக்கம் செய்தவர்களில் முஸ்லிம் இளைஞர்கள் நிறையப் பேர். ஒதுங்கிப் போனவர்கள் பிறகு உங்களிடம் வந்து ஒரு வார்த்தை பேசினார்களா?

கோயில் மூடியபோது பூசாரிகள் எப்படிப் பிழைத்தார்கள்?

தட்டுக்காசு நின்றது. 2021 ஜூனில், மாதச் சம்பளம் இல்லாத அர்ச்சகர், பூசாரி போன்றவர்களுக்கு அரசு 4,000 ரூபாயும் 10 கிலோ அரிசியும் மளிகையும் கொடுத்தது. கோயில் வாசலில் பூக்கட்டி விற்ற அக்காவும், தேர்க்கடையில் பொரி விற்றவரும் அந்தக் கணக்கில் வரவில்லை.